ஐந்து வயது நாயைத் தத்தெடுத்திருக்கிறோம். பெயரை மாற்றலாமா, கூடாதா?

சீனு அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். காப்பகத்திலிருந்து ஒரு ஆண் நாயைத் தத்தெடுத்திருக்கிறோம். ஐந்து வயது இருக்கும் என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். இதற்கு முன்னால் ஒரு வீட்டில் வளர்ந்தவன், அவர்கள் ஏன் விட்டார்கள் என்பது காப்பகத்துக்கே சரியாகத் தெரியவில்லை. கொடுத்த தாளில் பெயர் சீசர் என்று இருக்கிறது, அந்தப் பெயரில்தான் எங்களுக்குச் சிக்கல்.

எங்கள் பையன் பெயர் சீனு. நாள் முழுக்க யாராவது ஒருவர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம். "சீ..." என்று வாயெடுத்தாலே இவன் எழுந்து நிற்கிறான், தன்னை இல்லை என்று தெரிந்ததும் மறுபடி படுக்கிறான். இப்போது நிஜமாகவே இவனைக் கூப்பிட்டாலும் சில நேரம் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுகூடப் பரவாயில்லை. யாராவது கொஞ்சம் உரக்க "சீசர்" என்றால் காதை மடக்கி, வாலை உள்ளே இழுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுகிறான். சிரித்துக்கொண்டே கூப்பிட்டாலும் அப்படித்தான். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கணவர், "பழகின வீடு போச்சு, மனுஷங்க போனாங்க, மிச்சம் இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான், அதையும் எடுக்கணுமா" என்கிறார். மாமியார் யாரையும் கேட்காமல் மணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பையன் வாய்க்கு வந்த செல்லப்பெயர் எல்லாம் சொல்கிறான். நான் மட்டும்தான் சீசர் என்கிறேன்.

வளர்ந்த நாய்க்குப் பெயர் மாற்றுவது அதை வருத்துமா? குழம்பிப் போகுமா? மாற்றலாம் என்றால் எப்படிச் செய்வது, உடனே செய்யலாமா, கொஞ்சம் பழகிய பிறகா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


நாலுகால் நண்பன்:

மாற்றலாம் சீனு அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாற்றுவதுதான் நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது. நானும் என் மனைவியும் காப்பக நாய்களை, நிரந்தர வீடு கிடைக்கும்வரை எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். வந்து போனவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு தடவையாவது பெயர் மாறியிருக்கிறது, அதனால் வாடிப்போன நாயை நான் பார்த்ததில்லை. இடம் மாறி வாடியவை உண்டு, ஆள் மாறிச் சாப்பிடாமல் கிடந்தவை உண்டு.

உங்கள் கணவர் அப்படிச் சொல்வது அவனிடம் இருக்கும் பாசத்தால்தான், அது நன்றாகவே புரிகிறது. ஆனால் நாய் தன் பெயரை நம்மைப் போல "நான் இன்னார்" என்று மனதில் வைத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. இந்தச் சத்தம் கேட்டால் அடுத்து எனக்கு ஏதோ நடக்கப்போகிறது, அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பெயர். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டியது நினைவிருக்கும்: உணவுக்கு முன்னால் ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, உணவு வராமலே எச்சில் ஊறியது. பெயரும் அதே வழியில்தான் ஒட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் பெயருக்குப் பின்னால் தடவலும் சாப்பாடும் வந்திருந்தால் நாய் பெயரைக் கேட்டதும் வாலாட்டும். அடியும் திட்டும் வந்திருந்தால் மேஜைக்கு அடியில் போகும். பயிற்சியாளர்கள் இதை "கெட்டுப்போன சொல்" என்பார்கள். அப்படிக் கெட்ட சொல்லைச் சரிசெய்ய முடியும், ஆனால் புதிதாக ஒரு சொல்லைக் கற்பிப்பதைவிட அதற்கு நாளாகும்.

அவசரப்படுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அவன் பயப்படுவது பெயருக்கா, உரத்த குரலுக்கா? அவன் நிம்மதியாகப் படுத்திருக்கும்போது, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல மெதுவாக "சீசர்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வேறொரு நாள், நீங்கள் வழக்கமாக உரக்கக் கூப்பிடும் அதே குரலில் சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லை, "ஜன்னல்" என்று வையுங்கள், அதைச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு முறை போதும், பயத்தைச் சோதிக்கிறேன் என்று பயத்தையே பழக்கிவிடக் கூடாது. "ஜன்னலுக்கும்" ஓடி ஒளிந்தால் பெயரை மாற்றி ஒரு பயனும் இல்லை, வீட்டில் எல்லோரும் குரலைத்தான் மாற்ற வேண்டும். 2016இல் ஹங்கேரியில் நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பேச்சைக் கேட்கவைத்து ஆய்வு செய்தார்கள். பாராட்டும் சொல்லைப் பாராட்டும் குரலில் சொன்னபோதுதான் நாயின் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி நன்றாக விழித்தது. நல்ல சொல்லை வெறும் குரலிலோ, பொருளற்ற சொல்லைக் கொஞ்சும் குரலிலோ சொன்னபோது அப்படி இல்லை. அதாவது சொல், குரல் இரண்டையும் அது கேட்கிறது.

இனி எப்படி மாற்றுவது என்பது. முதல் வேலை, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரே ஒரு பெயரை முடிவு செய்வது. உங்கள் வீட்டில் இப்போது மூன்று நான்கு பெயர் ஓடுகிறது, அவனைக் குழப்புவது அதுதான். செல்லப்பெயர்கள் பிறகு எத்தனை வேண்டுமானாலும் வரலாம், நாய்கள் அவற்றையும் கற்றுக்கொள்ளும், ஆனால் இந்த ஆரம்ப நாட்களில் வேண்டாம்.

அப்புறம், அவனுக்கு ரொம்பப் பிடித்த ஏதாவது ஒரு தின்பண்டத்தை நகத்தளவு துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான அறையில், அவன் பக்கத்திலேயே இருக்கும்போது, புதிய பெயரை ஒரு தடவை இதமாகச் சொல்லுங்கள், சொன்ன கையோடு ஒரு துண்டைக் கொடுங்கள். அவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுகூட ஆரம்பத்தில் காத்திருக்க வேண்டாம். பெயர், துண்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி பெயர், துண்டு. இரண்டு மூன்று நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, அன்றைக்கே வேறு நேரத்தில் திரும்பச் செய்யுங்கள். சீக்கிரமே பெயரைக் கேட்டதும் தலை சட்டென்று திரும்பும். அதற்குப் பிறகு, திரும்பிப் பார்த்தால்தான் துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் இரண்டடி தள்ளி நின்று, அப்புறம் அடுத்த அறையிலிருந்து, அப்புறம் அவன் வேறு எதையோ முகர்ந்துகொண்டிருக்கும்போது.

பழைய பெயர் நன்றாகப் பதிந்த, அதைக் கேட்டால் சந்தோஷப்படும் நாயாக இருந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழி உண்டு. அதில் வரிசை முக்கியம். புதியது முன்னால், பழையது பின்னால். புதியதைக் கேட்டதும் பழையது வரும் என்று நாய் தெரிந்துகொள்ளும், பிறகு பின்னால் இருப்பதை மெல்ல மெல்ல விட்டுவிடலாம். பழையதை முதலில் சொன்னால் நாய் அதற்கே திரும்பிவிடும், அடுத்து வரும் புதிய சொல்லைக் கவனிக்க அதற்குத் தேவையே இல்லை. ஆனால் உங்கள் நாய் சீசர் என்ற பெயருக்கே பயப்படுகிறான் என்றால் இந்த வழி வேண்டவே வேண்டாம். புதிய பெயருக்குப் பின்னால் பயத்தைக் கொண்டுவந்து ஒட்டுவது ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று. புதிய பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள். குளிப்பாட்ட, நகம் வெட்ட, மருந்து போட, கூண்டில் அடைக்க என்று அவனுக்குப் பிடிக்காததற்குக் கூப்பிடவும் பயன்படுத்தாதீர்கள், அதற்கு நீங்களே எழுந்து போய் அழைத்து வாருங்கள். அவன் திரும்பவில்லை என்று ஐந்து தடவை, பத்து தடவை சொல்லிக்கொண்டே இருப்பதும் கூடாது. பதில் தேவைப்படாத ஒரு சத்தமாக அது ஆகிவிடும்.


மொட்டைமாடி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் தத்தெடுத்த உடனே பெயர் மாற்றுவது ஒரு சடங்கு போல ஆகிவிட்டது, நாய்க்காக மாற்றுகிறோமா நமக்காக மாற்றுகிறோமா என்று யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் பெரியம்மா இறந்த பிறகு அவருடைய நாயை நாங்கள் எடுத்து வந்தோம், அப்போதே அவளுக்குக் கிழட்டு வயது. பெயர் ரோஸி. எங்களுக்கு அந்தப் பெயர் பெரிதாகப் பிடிக்கவில்லை, ஆனால் ஆறுதலாக அவளுக்குப் புரிந்த ஒரே சொல் எங்கள் வீட்டில் அதுவாகத்தான் இருந்தது. யார் "ரோஸி" என்றாலும் சோர்வாகக் கிடந்தவள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். பெரியம்மாவின் பிள்ளைகள் வந்தால் அதே பெயரைச் சொல்லித்தான் கொஞ்சுவார்கள். அதை ஏன் மாற்ற வேண்டும்? பழைய பெயர் நல்லபடியாக வேலை செய்கிறது, வீட்டில் யார் பெயரோடும் மோதவில்லை, பழைய மனிதர்கள் இன்னும் வந்து போகிறார்கள் என்றால் அப்படியே விடுவதுதான் அந்த நாய்க்கு நல்லது.

இன்னொரு விஷயம், அவசரம் வேண்டாம். தத்தெடுப்பவர்களிடம் 3-3-3 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மிரட்சி தெளிய 3 நாள், வீட்டு நடைமுறை புரிய 3 வாரம், இது தன் வீடு என்று உணர 3 மாதம். ஒவ்வொரு நாயும் இப்படியே நடக்கும் என்று இல்லை, பொறுமையாக இருக்கச் சொல்வதற்கான அளவுகோல் அது. வந்த மூன்றாம் நாளே பெயர், பயிற்சி, விருந்தாளி, குளியல் என்று எல்லாவற்றையும் அவன் தலையில் கொட்டாமல், முதலில் அவன் தூங்கட்டும்.

சீனு அம்மா, உங்கள் விஷயம் வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். கேட்டதும் ஒளிகிற பெயரை வைத்துக் காப்பாற்ற ஒன்றும் இல்லை.


நாலுகால் நண்பன்:

ரோஸியை நீங்கள் வைத்துக்கொண்ட விதம் முற்றிலும் சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எப்போது ஆரம்பிப்பது என்பதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. முதல் சில நாள் தூங்கட்டும், சரி. ஆனால் மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால் மூன்று மாதம் தள்ளிப்போடுவதில் அர்த்தம் இல்லை, அந்த மூன்று மாதமும் வேண்டாத பெயரையே சொல்லிப் பழக்கிக்கொண்டிருப்போம். பெயரோடு ஒரு துண்டு தின்பண்டம் கொடுப்பது பயிற்சி மாதிரியே இருக்காது, புது வீட்டில் அவனுக்கு நடக்கும் நல்ல விஷயங்களில் ஒன்றாக அது இருக்கும். அவன் வாங்கிச் சாப்பிடும் நிலையில் இருந்தால் ஆரம்பிக்கலாம். பயத்தில் தின்பண்டத்தையே தொடாத நாயாக இருந்தால் காத்திருங்கள்.

இன்னொன்று, காப்பகத்தில் எழுதித் தரும் பெயர் அந்த நாயின் பெயராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தெருவிலிருந்து மீட்ட நாய்க்கு, அட்டையில் எழுத ஏதாவது வேண்டுமே என்று அங்கே வைத்திருப்பார்கள். வந்து சில நாள்தான் ஆகியிருக்கும், நாய்க்கு அந்தச் சொல் தெரியவே தெரியாது. அங்கே இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.


சீனு அம்மா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். "ஜன்னல்" என்று உரக்கச் சொன்னதும் காதைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான், அவ்வளவுதான். மெதுவாக "சீசர்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலச் சொன்னபோது ஓடவில்லை, ஆனால் உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்படியென்றால் பெயரிலேயே ஏதோ இருக்கிறது. இதைப் பார்த்த பிறகு கணவரும் சரி மாற்றிவிடலாம் என்றுவிட்டார்.

ஆனால் அவர் சொல்வது, அவனுக்குச் சுலபமாக இருக்கட்டும், சீசர் மாதிரியே ஒலிக்கிற பெயராக வைப்போம், டீசர், மீசர் என்று ஏதாவது. இது சரியா?


ஓலைச்சுவடி:

வேண்டாம் என்று சொல்வேன், காரணத்தோடு.

பழைய பெயர் நாய்க்குப் பிடித்ததாக இருந்தால் உங்கள் கணவர் சொல்வது மிக நல்ல யோசனை. நாய்கள் ஒரு சொல்லின் ஒவ்வொரு ஒலியையும் நம்மைப் போல உன்னிப்பாகக் கேட்பதில்லை. 2020இல் புடாபெஸ்டில் உள்ள ஒத்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் வீட்டு நாய்களின் தலையில் மின்வாய்களை ஒட்டி மூளை அலைகளைப் பதிந்து பார்த்தார்கள். தெரிந்த கட்டளைச் சொல்லையும், முற்றிலும் வேறான ஒரு பொருளற்ற சொல்லையும் நாயின் மூளை உடனே பிரித்துக் காட்டியது. ஆனால் அதே கட்டளையில் ஒரே ஒரு ஒலியை மட்டும் மாற்றிச் சொன்னபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. ராமு என்ற நாயை தாமு என்று மாற்றினால் அது பெரிதாக எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்காது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த வசதிதான் உங்களுக்கு இடைஞ்சல். டீசர் அவனுக்குச் சீசராகவே கேட்டால், சீசரோடு ஒட்டியிருக்கும் பயமும் சேர்ந்தே வரும். போதாததற்கு சீனுவோடு மோதும் சிக்கலும் பாதி அப்படியே இருக்கும். தூரமாக ஒலிக்கும் பெயராகத் தேர்ந்தெடுங்கள். முதல் ஒலி வேறு, உயிரொலி வேறு.

அதேபோல நீங்கள் அன்றாடம் அவனிடம் சொல்லப்போகும் கட்டளைகளோடும் மோதக் கூடாது. வா, இரு, வேண்டாம், உட்கார், விடு, இவைதான் நம் வீடுகளில் ஓடும் சொற்கள். வாசு என்று பெயர் வைத்தால் ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே கிளம்பி வந்துவிடுவான். சீ என்று தொடங்கும் பெயருக்கும் ஒரு குறை உண்டு, நாயை விரட்டுகிறவர்கள் வாயிலிருந்து முதலில் வருவதே "ச்சீ போ" என்பதுதான். உங்கள் பையன் பழைய வீட்டில் என்ன கேட்டு வளர்ந்தான் என்பது நமக்குத் தெரியாது, இருந்தாலும் இனி வைக்கும் பெயரில் அது இல்லாமல் இருப்பது நல்லது.

நீளம் பற்றி. நாய்க்குப் பெயர் வைப்பது பற்றி மனிதர்கள் ஆலோசனை சொல்லத் தொடங்கி 2,000 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் வேட்டை நாய்களுக்குச் சட்டென்று கூப்பிட வசதியான சிறிய பெயர்களை வைக்கச் சொல்லி, மாதிரிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைப் பட்டியலாகவே தந்திருக்கிறார். முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா, பெயர் மிக நீளமாகவும் வேண்டாம், இரண்டு அசைக்குக் குறையவும் வேண்டாம் என்கிறார். எனக்கு இதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் இன்றைய பயிற்சியாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். ஒற்றை அசைப் பெயர் மற்ற பேச்சில் கரைந்துவிடும். நாலைந்து அசைப் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, ஆளுக்கொரு விதமாகச் சுருக்கிவிடுவார்கள்.

சத்தமான வீடு என்றால் இதுவும் உதவும். 2019இல் அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், பின்னணியில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் நாய்கள் தங்கள் பெயரைப் பிரித்தறிந்தன. பின்னணிப் பேச்சு பெயரைவிடச் சத்தமாக இருந்தபோதுதான் முடியாமல் போனது. ஆகவே தொலைக்காட்சி அலறும்போது கூப்பிட்டுவிட்டு "இவன் மதிக்கவே இல்லை" என்று நினைக்காதீர்கள். தொலைக்காட்சியைக் குறையுங்கள், நீங்கள் கத்தாதீர்கள்.


வெள்ளைவால்:

எல்லோரும் சொன்னது நல்ல விஷயங்கள். நான் ஒன்றைச் சேர்க்கிறேன். பெயரைச் சொன்னால் திரும்பாத வளர்ந்த நாய்க்குப் பெயர் பிடிக்கவில்லை, பழைய வீட்டை நினைத்து ஏங்குகிறது என்றெல்லாம் நாம் நினைப்போம். சில நேரம் அதற்குக் காதே கேட்காமல் இருக்கும். வயதான நாய்களுக்குக் கேட்கும் திறன் மெல்ல மெல்லக் குறைவது சாதாரணம். டால்மேஷியன் போன்ற வெள்ளை அதிகமுள்ள சில இனங்களில் பிறவியிலேயே ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காமல் இருப்பதும் அடிக்கடி காணப்படுகிறது. எங்கள் வீட்டு வெள்ளை நாய் அப்படி வந்தவன்தான். பெயரைச் சொன்னதும் சட்டென்று திரும்புவான் என்று தந்தவர்கள் சொன்னார்கள், உண்மையில் அவன் பார்த்தது எங்கள் கையசைவை.

நாய் தூங்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து, தரை அதிராமல், காற்று படாமல் ஏதாவது ஒரு சத்தம் எழுப்பிப் பாருங்கள். காது அசைகிறதா என்பது போதும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத நாய் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தடுமாறும், அதையும் பிடிவாதம் என்று நினைத்துவிடுவார்கள்.

கேட்காத நாய்க்கும் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அது ஒரு கை அசைவு. ஆள்காட்டி விரலை உயர்த்தினால் அவன் பெயர், கற்பித்த முறை மேலே நண்பர் சொன்னதேதான், சத்தத்துக்குப் பதில் விரல், உடனே ஒரு துண்டு. காது நன்றாகக் கேட்கும் நாய்க்கும் பெயரோடு ஒரு கையசைவைச் சேர்த்தே பழக்குங்கள், கிழவனாகும்போது உதவும்.

சீனு அம்மா, உங்களவன் "ஜன்னலுக்கு"க் காதைத் தூக்கியிருக்கிறான், எனவே அவனுக்கு இரண்டு காதும் அடியோடு கேட்காமல் இல்லை.


ஊசிமருந்து:

கால்நடை மருத்துவமனையில் முன்மேசையில் வேலை செய்கிறேன், அதனால் என் கவலை தாள்கள் பற்றியது. பெயரை மாற்றுகிறவர்கள் வீட்டில் மாற்றிவிட்டு எங்கும் சொல்வதில்லை. தடுப்பூசி அட்டையில் ஒரு பெயர், எங்கள் பதிவில் ஒரு பெயர், மைக்ரோசிப் பதிவில் இன்னொன்று. ஒரு நாள் நாய் தொலைந்துபோனால் இதெல்லாம் சேர்ந்து நேரத்தைத் தின்னும்.

மைக்ரோசிப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. தோலுக்கடியில் அரிசி மணி அளவில் இருக்கும் அந்தப் பொருளுக்குள் பெயரோ தொலைபேசி எண்ணோ கிடையாது, இருக்கும் இடத்தையும் அது காட்டாது. இப்போது பரவலாகப் பயன்படும் சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் அந்த எண் வரும், எண்ணைப் பதிவேட்டில் தேடினால்தான் நாயின் பெயரும் உரிமையாளர் விவரமும் கிடைக்கும். அந்தப் பதிவில் இன்னும் பழைய வீட்டுக்காரர்களின் எண்ணே இருந்தால், உங்கள் நாயைக் கண்டெடுத்தவர் கூப்பிடுவது அவர்களைத்தான். ஆகவே உங்கள் பையனுக்குச் சிப் இருக்கிறதா என்று முதலில் ஸ்கேன் செய்து பாருங்கள், இருந்தால் உரிமையாளர், தொலைபேசி, பெயர் மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையில் புதிய பெயரை எழுதி, பக்கத்திலேயே "முன்பெயர் சீசர்" என்று குறிக்கச் சொல்லுங்கள், பழைய ஊசிகளின் பதிவு விட்டுப்போகாது.

கழுத்துப் பெல்ட்டில் தொங்கும் தகட்டில் நாயின் பெயர் இருப்பதைவிட உங்கள் தொலைபேசி எண் இருப்பது முக்கியம். இரண்டுக்கும் இடம் இல்லையென்றால் எண்ணை மட்டும் போடுங்கள்.

பழைய பெயரை வீட்டில் யாரும் அடியோடு மறந்துவிட வேண்டாம். உங்கள் விஷயத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட முடியாது என்பது சரி, ஆனால் பழைய பெயர் பிடித்த நாயாக இருந்தால், பெயர் மாறிய புதிதில் தொலைந்துவிட்டால் இரண்டு பெயரையும் சொல்லித் தேட வேண்டும்.


சீனு அம்மா:

சிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை, நாளைக்கே கூட்டிப் போகிறேன்.

பெயர் முடிவாகிவிட்டது. நேற்று எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது மாமியார் சமையலறையிலிருந்து "மணி" என்று சாதாரணமாகக் கூப்பிட்டார். இவன் படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு நேராக அவரிடம் போனான். அப்போதுதான் கவனித்தேன், வந்த நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடு வைப்பது அவர்தான், தட்டைக் கீழே வைக்கும்போதெல்லாம் மணி மணி என்று சொல்லியிருக்கிறார். நண்பர் மேலே எழுதியிருக்கும் பயிற்சியை, அது பயிற்சி என்று தெரியாமலே அவர் செய்து முடித்திருக்கிறார். சீனுவோடும் மோதவில்லை, இரண்டு அசை, எந்தக் கட்டளை மாதிரியும் ஒலிக்கவில்லை. கணவருக்கும் மறுப்பு இல்லை. பையன் செல்லப்பெயர்களைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. வீட்டுக்குள் மணி என்றால் ஓடி வருகிறான். வெளியே நடக்கக் கூட்டிப் போகும்போது அதே பெயரைச் சொன்னால் கேட்காதது போல நடக்கிறான். இது ஏன்?


நாலுகால் நண்பன்:

அருமை! மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அவனைப் பொறுத்தவரை "மணி" இப்போதைக்குச் சமையலறையில், தட்டுக்குப் பக்கத்தில், உங்கள் மாமியார் குரலில் வரும் சொல். வேறு இடத்தில், வேறு குரலில், ஆயிரம் வாசனைகளுக்கு நடுவில் வரும்போது அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. நாய்கள் எதைக் கற்றாலும் கற்ற இடத்தோடு சேர்த்தே கற்கும், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். வீட்டில் மற்ற அறைகளில், நீங்களும் கணவரும் சீனுவும் மாறி மாறிச் சொல்லித் துண்டு கொடுங்கள். அப்புறம் வாசலில். அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் வெளியே, அவன் எதையும் தீவிரமாக முகராத நொடியில். வெளியே கொடுக்கும் துண்டு வீட்டில் கொடுப்பதைவிட ருசியானதாக இருக்கட்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பெயர் என்பது "என்னைப் பார்" என்பதற்கு. "என்னிடம் வா" என்பதைத் தனியாகப் பழக்குங்கள்: மணி, அவன் பார்த்ததும், வா. இரண்டையும் ஒரே சொல்லில் ஏற்றினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பெயர் சொல்லிப் பேசும்போதெல்லாம் அந்த "வா" கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிடும்.

அதுவரை வெளியே செயினைக் கழற்றிவிடாதீர்கள், தூரம் பழக்க வேண்டுமென்றால் நீளமான கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். புதிதாகத் தத்தெடுத்த நாய் ஏதாவது ஒரு சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிட்டால், நன்றாகத் தெரிந்த பெயரே அந்த நேரத்தில் அதன் காதில் ஏறாது.